பெக்தாஷின் நாலாவது சரணம்

அரப்கிர்,
14 ஜூன் 1973

'இசை வாரம்' பத்திரிகையின் மாண்புமிகு ஆசிரியர் அவர்கள் சமூகத்திற்கு, அரப்கிர் கடைத்தெருவில் முடிதிருத்தும் பெக்தாஷ் சலாம் சொல்லி எழுதுவது. தாங்களும் தங்கள் வீட்டாரும் இறைவன் அருளால் சுகமாக இருப்பீர்களாக. நானும் சுகமே, சற்றுக் கோபம் இருந்ததைத் தவிர.

'மூன்று கூழாங்கற்கள்' என்கிற இஸ்தான்புல் பையன்கள் மின்சார கிதாரும் டிரம்ஸும் வைத்துப் பாடிய 'பாதி திறந்த ஜன்னல்' பாட்டைத் தங்கள் பத்திரிகை தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. ஆடட்டும், பாட்டு அப்படி. ஆனால் இசைத்தட்டில் 'நாட்டுப்பாடல், கட்டியவர் தெரியவில்லை' என்று போட்டிருக்கிறதே, அந்தத் தெரியாத ஆள் நான்தான் ஐயா! இருபத்திரண்டு வருடம் முன்பு ஸெலிஹாவின் ஜன்னலுக்குக் கீழே நின்று, சாஸின் தந்திகளை மீட்டி நான் கட்டிய பாட்டு. எங்கள் பக்கத்தில் பாட்டுக் கட்டுகிறவன் கடைசிச் சரணத்தில் தன் பெயரை வைப்பான், அதுதான் அவன் கையெழுத்து. நானும் நாலாவது சரணத்தில் வைத்திருந்தேன். மூன்றாவது முடிந்ததுமே அவள் அப்பா தடியோடு வெளியே வந்துவிட்டார். என்னோடு வந்த நண்பர்கள் ஓடிய ஓட்டத்தில் மூன்று சரணம் மட்டும் மலை தாண்டிப் போயிற்று. பிறகு அதே மனிதர் பெண்ணையும் கொடுத்தார். கட்டிய மனைவிக்கு யார் ஜன்னலடியில் பாட்டுப் பாடுகிறார்கள்? நாலாவது சரணம் என் வயிற்றிலேயே கிடந்தது.

தேநீர்க் கடை ரிஃப்கி இருக்கிறானே, வானொலியில் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டு, "இது செத்துப்போனவங்க கட்டின பாட்டுடா. நீ எப்போ செத்தே? சொல்லியிருந்தா உன் பேர்ல அல்வா கிண்டி ஊருக்குக் கொடுத்திருப்போமே!" என்பான். கடையே சிரிக்கும். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்படி இருக்கையில், போன சனிக்கிழமை மாலை அந்தப் பையன்களே எங்கள் ஊர்த் திறந்தவெளித் தோட்டச் சினிமாவில் பாட வந்தார்கள். மேடைக்குப் பின்னால் போய்ப் பாடகன் எர்குத்தைப் பிடித்தேன். தோள்வரை முடி, என் கை தானாகக் கத்தரிக்கோலைத் தேடியது, அடக்கிக்கொண்டேன்.

"மாமா, இதே பாட்டு என்னுதுன்னு ஊருக்கு ஒருத்தர் வர்றாரு. உங்களை எப்படி நம்புறது?"

"அவங்க யாருக்கும் நாலாவது சரணம் தெரியாதுடா தம்பி."

காதோடு சொன்னேன். அவன் கண் விரிந்தது. "இதை நான் பாடக் கூடாது மாமா, நீங்கதான் பாடணும்" என்று என்னை மேடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். கிதாரும் டிரம்ஸும் என் முதுகில் இடிக்க, ஊர் மொத்தமும் பார்க்க, நான் பாடினேன் ஐயா:

பெக்தாஷ் சொல்கிறேன், வந்துவிடு பெண்ணே,
அடுப்பும் என் வேலை, மாவும் என் வேலை;
உன் விரலில் ஒரு நாள் மாவு பட்டால்
என் பேர் எனக்கு இல்லை கண்ணே!

ஊரே எழுந்து நின்றது. ரிஃப்கி என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினான். பெண்கள் பக்கத்தில் எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவள் என் ஸெலிஹா. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் கண்டதில்லை. ஆகவே என் பெயரைத் தடித்த எழுத்தில் வெளியிட்டு, இசைத்தட்டிலும் திருத்தச் சொல்லுமாறு வேண்டுகிறேன். தங்கள் பேனாவுக்கு என்றும் குறைவு வராதிருக்கட்டும்.

இப்படிக்கு,
பாட்டுக் கட்டிய பெக்தாஷ்

பி.கு.: தபாலில் போடுமுன் ஸெலிஹா இதை வாசித்தாள். "ஏங்க, இருபத்திரண்டு வருஷமா மாவு என் விரல்லதானே ஒட்டிக்கிட்டிருக்கு? அப்போ பேரு உங்களுக்கு ஏது?" என்றாள். வார்த்தை என்னுடையது, மறுக்க வழியில்லை. அதே அளவு வருடம் நான் பிசைந்தால் பெயரைத் திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். இன்று காலை தொடங்கிவிட்டேன், காகிதத்தில் உள்ள வெள்ளைக் கறைகளை மன்னிக்கவும். 1995 வரை 'கட்டியவர் தெரியவில்லை' என்றே இருக்கட்டும்.