மூன்றடிக்குக் கீழே கோடீஸ்வரர்

பொங்கியண்ணன் தன் மனைவிக்கு முந்நூறு ரூபாய் கடன்பட்டிருந்தார். எருமையை விற்று, தையல் மிஷின் வாங்குவதற்கென்று நஞ்சம்மாள் சேர்த்து வைத்திருந்த பணம் அது. ஏமாற்றுகிற ஆள் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அவர் வேறு ரகம். பூமிக்கு மேலே பாக்கிக்காரர். பூமிக்கு அடியிலே கோடீஸ்வரர். பள்ளிக்கூடம் மூன்று வருஷம்தான் போனேன் என்றாலும், பனியனைத் தொட்டால் நூலைச் சொல்வேன், ஆளைப் பார்த்தால் ரகத்தைச் சொல்வேன். இந்த ரகம் இல்லாத ஊரே கிடையாது.

அறுபதுகளில் ஒருநாள், பல்லடம் ரோட்டில் அவருடைய மேட்டாங்காட்டு நிலத்தோரம் ஒரு சர்க்கார் ஜீப் சூடேறி நின்றது. யுரேனியம் தேடுகிற அதிகாரிகள், எங்கோ தொலைவுக்குப் போகிறவர்கள். தண்ணீர் வரும்வரை சும்மா இருக்க முடியாமல் ஒருவர் கையிலிருந்த பெட்டியைத் திருகினார். அது டிக் டிக்கென்றது.

“ஏனுங்க சாமி, நம்ம காட்டுல இருக்குதுங்களா?” என்று கேட்டார் பொங்கியண்ணன்.

“இங்க இல்லீங்க. நாங்க தேடறது மணற்பாறையில இருக்கும். பழைய ஆத்து மணல் இறுகிக் கல்லான பள்ளத்துல, தண்ணி கரைச்சுக் கொண்டுவந்து சேத்து வெச்சிருக்கும். இது வெறும் கருங்கல்லு. கருங்கல்லு எங்கியும் இப்படிக் கொஞ்சம் முனகும்.”

இந்த ரகத்தின் காது இருக்கிறதே, அது வாசலில் ஆள் வைத்த காது. ஆறும் மணலும் சேர்த்து வைத்த தண்ணீரும் உள்ளே போயின. கருங்கல் வெளியிலேயே நின்றுவிட்டது. மறுநாள் டீக்கடையில், “நொய்யல் அந்தக் காலத்துல நம்ம காட்டு வழியாத்தானுங்க போயிருக்குது” என்றார். ஆறு மேட்டில் எப்படி ஏறும்? அதைக் கேட்டவர் அவருக்கு அன்றிலிருந்து பொறாமைக்காரர்.

அதன்பின் அவர் காட்டில் மெதுவாகத்தான் காலை வைத்தார். ஆழ உழ விடமாட்டார். பனியன் கம்பெனி முதலாளிகள் காரில் போனால் ‘பாவம், நூலை நம்பிப் பொழைக்கறாங்க’ என்று இரக்கப்பட்டார். வேட்டியில் கல்லைக் கட்டிக்கொண்டு மூன்று தடவை மெட்ராஸ் போய், லாட்ஜில் தங்கி, சர்க்கார் ஆபீஸ் பியூனுக்குக் காசு கொடுத்து, ‘சாதாரணக் கருங்கல்’ என்று எழுதி வாங்கி வந்தார். நஞ்சம்மாளின் முந்நூறும் போயிற்று.

“இப்பவாச்சும் நம்புவீங்களா?” என்றாள் நஞ்சம்மாள்.

“உள்ளதை எழுதிட்டா ஊரே கடப்பாரையோட வந்துருமல்ல? அதுக்குத்தான் அப்படி எழுதியிருக்கறாங்க.”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

சொசைட்டிக் கடன் கழுத்தை நெரித்தபோது காட்டை விற்க வேண்டி வந்தது. பனியன் துணி வெளுக்கிற சலவைப் பட்டறை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்த நம்ம ஊர் ராயபுரம் சிவசுப்பிரமணியம் வந்தார்.

“மூணடி வரைக்கும் உங்களுது, தம்பி. அதுக்குக் கீழ என்னுது.”

“அப்பக் கெணறு வெட்டறதெப்படிங்ணா?”

“தாராளமா வெட்டுங்க. தண்ணி உங்களுது. கல்லு என்னுது.”

சிவசுப்பிரமணியத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்லை அப்புறப்படுத்துகிற வண்டிக் கூலி மிச்சமல்லவா? அப்படியே எழுதிக் கொடுத்தார், விலையிலும் கொஞ்சம் குறைத்துக்கொண்டார். வந்த பணம் சொசைட்டிக்குச் சரியாகப் போயிற்று. நஞ்சம்மாளின் முந்நூறு அப்படியே நின்றது.

கிணற்றில் வெடி வைக்க வைக்க, பொங்கியண்ணன் வண்டி பூட்டிக் கல்லைச் சுமந்தார். வாசல் நிறைந்தது. மாட்டுக்கொட்டகை நிறைந்தது.

“ஏனுங்க, மிஷினைத்தான் வாங்கித் தரல. அதை வெக்கற எடத்தையாச்சும் உடப்படாதா? ஊடா இது, மலையா?”

“பொறு புள்ள. ஒவ்வொரு கல்லும் ஒரு மிஷினு.”

கிணற்றில் தண்ணீர் வந்தது. பட்டறைக்கு அஸ்திவாரம் போட வேண்டும். கல் குவாரியில் விலை கேட்டுவிட்டு வந்த சிவசுப்பிரமணியம், பொங்கியண்ணன் வாசலில் வந்து நின்றார்.

“அந்தக் கல்லு சும்மாதான கெடக்குதுங்ணா...”

“சர்க்காரைத் தவிர யாருக்கும் குடுக்கறதா இல்லீங்க தம்பி.”

நஞ்சம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். “குடுக்கறமுங்க. முந்நூறு ரூவா. ஏத்துக்கூலியும் உங்களுது.”

“அக்கா, எங்க கெணத்துக் கல்லுக்கு எங்ககிட்டயே வெலைங்களா?”

“மூணடிக்குக் கீழ எங்களுதுன்னு எழுதிக் குடுத்தது நீங்கதானுங்களே?”

நீங்கள் பொங்கியண்ணனைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விலை ஏறட்டும் என்று கிடங்கில் பூட்டி வைத்திருக்கிற நூல் மூட்டையை நம்பி, நீங்கள் வீட்டில் யார் யாருக்கு என்னென்ன வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள்? நான் கேட்கவில்லை. அவர்கள் கேட்பார்கள்.

சிவசுப்பிரமணியம் பையிலிருந்து நோட்டுகளை எடுத்தார். “பாத்தியா? பூமிக்கு அடியில இருந்துதான வருது!” என்று பெருமையோடு கை நீட்டினார் பொங்கியண்ணன். அந்தக் கைக்கு மேலே இன்னொரு கை வந்து விரிந்தது. முப்பது பத்து ரூபாய் நோட்டுகள், ஒவ்வொன்றாக, நஞ்சம்மாளின் உள்ளங்கையில் விழுந்தன.