ஐந்து பனை உயரம்

பறக்கத் தெரியாமல் விமானம் வாங்கிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் சண்டிலிப்பாயில் இருக்கிறார் என்று நான் எந்தக் கோயிலிலும் சத்தியம் செய்வேன். ஊருக்கு அவர் மெசின் அண்ணை. தோட்டக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற மெசின்களைத் திருத்துவது தொழில். எனக்கு அத்தான், என் அக்காவைக் கட்டியவர். ஒரே வளவில்தான் எங்கள் இரண்டு வீடும். சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெங்கும் அதற்கு வேலை இருக்கவில்லை.

விமானம் லொறியில் வந்தது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்ன விமானம். கழற்றிய இறக்கைகளை இரண்டு பக்கமும் சாத்தி, வைக்கோல் அடைத்துக் கட்டியிருந்தார்கள். தெற்கில் யாரோ கொட்டகைக்குள் போட்டு வைத்திருந்ததைக் கைபேசியில் படம் பார்த்து, தோட்டக்காணியில் ஒரு துண்டை விற்று வாங்கிவிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஐயா, இதை ஆர் ஓட்டுறது?" என்று லொறிக்காரர் கேட்டார்.

"முதல் இறக்கும். ஓட்டுறதைப் பேந்து பாப்பம்" என்றார் அத்தான்.

அன்று பின்னேரம் ஊரே வளவுக்குள் நின்றது. புகையிலைத் தோட்டக்காரர் ஒருவர் விமானத்தை மூன்று தரம் சுற்றி வந்து, "உதாலை மருந்தடிக்கேலுமோ?" என்று விசாரித்தார். கிராம அலுவலர் கொப்பியும் கையுமாக வந்து, இதை வாகனம் என்று பதிவதா, கட்டடம் என்று பதிவதா என்று அரை மணித்தியாலம் யோசித்தார். கடைசியில் தேத்தண்ணி குடித்துவிட்டு ஒன்றும் பதியாமல் போனார்.

நான் ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். விமானத்தோடு வந்த கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. என் தலைவிதி அப்படி. ஒவ்வொரு பின்னேரமும் நான் வாசித்துச் சொல்ல, அத்தான் எஞ்சினுக்குள் தலையை விட்டபடி கேட்பார்.

"எஞ்சின் எண்டால் எஞ்சின்தான் மச்சான். மெசின் தண்ணியை இழுக்குது, உது காத்தை இழுக்குது. அவ்வளவுதான்."

"இனி இறங்கிற பாடம் வருது அத்தான்."

"அதை விடு. ஏறினாப் பிறகு யோசிப்பம்."

பறக்கப் பழக்குகிற இடம் ஒன்றுக்கு என்னைக் கொண்டே தொலைபேசி எடுப்பித்தார். எதற்காகப் பழகுகிறீர்கள், எவ்வளவு உயரம் பறக்கப் போகிறீர்கள் என்று அங்கே இருந்தவர் மரியாதையாகக் கேட்டார். அத்தான் என் கையிலிருந்து கைபேசியைப் பறித்தார்.

"ஐஞ்சு பனை உயரம். அதுக்கு மேலை எனக்கு வேண்டாம்."

 பிறகு வயதைக் கேட்டார்கள், கண் பார்வையைக் கேட்டார்கள். அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

"மேலை இருந்து ஊரைப் பாக்கிறதெண்டால் பலாலியிலை பிளேனுக்கு ரிக்கற் எடுங்கோவன்" என்று எரிச்சலோடு சொன்னேன்.

"எடுத்துப் போனனான். யன்னல் பக்கம்தான் கேட்டு இருந்தனான். முகிலைக் காட்டிக் கொண்டுபோய் இறக்கிவிட்டாங்கள்."

அது உண்மை என்று பிறகு அறிந்தேன். திருகோணமலைக்குப் போகிறேன் என்று சொல்லிப் போன மனிதர் கொழும்புக்குப் பறந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்.

சரி, எஞ்சின் கதைக்கு வருகிறேன். மூன்று மாதம் திருத்தினார். இறக்கைகளைப் பூட்டினார். அந்த இறக்கைகளில் தன் சாரத்தையும் துவாயையும் காயப் போட்டார். முற்றத்தில் அக்கா காலத்துக் கொடி இருக்கிறது. உக்கின தூண்களை வருடாவருடம் மாற்றுவார், கம்பியை இழுத்துக் கட்டுவார், ஆனால் அதில் உடுப்புக் காயப் போடுவது என் மனைவிதான், அவர் ஒரு துணி போடமாட்டார். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கிற விஷயம் அல்ல அது.

ஒரு சனிக்கிழமை காலை, புகையிலைத் தோட்டத்தின் தலைமாட்டில் விமானத்தை நிறுத்தி, வாலை உழவு இயந்திரச் சங்கிலியால் பனையோடு கட்டினார். ஏறி உட்கார்ந்தார். எஞ்சின் இரண்டு தரம் இருமியது. மூன்றாம் தரம் பிடித்துக்கொண்டது.

அந்தச் சத்தத்தைப் பற்றி அவரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் சண்டைக் காலத்தில் அந்தச் சத்தத்தைத் தலைக்கு மேலே கேட்டு வளர்ந்த ஊர். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் வரம்புகளுக்கிடையில் குப்புற விழுந்தார்கள். முழங்கை ஊன்றி, நெஞ்சு நிலத்தில் படாமல், பல்லுக்கிடையில் துணியைக் கடித்துக்கொண்டு, ஒரு பிழை விடாமல் படுத்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்ட சண்டிலிப்பாய் முழுதும் நிலத்தில். அதற்குக் கீழ்ப்பட்டது கைபேசியோடு மதிலில்.

நானும் விழுந்தேன். பக்கத்தில் தொப்பென்று யாரோ வந்து விழுந்தார்கள். திரும்பிப் பார்த்தால், அத்தான்! தன் விமானத்தை, தானே முடுக்கிவிட்டு, அதன் சத்தத்துக்குத் தானே குதித்து ஓடி வந்து படுத்திருக்கிறார். ஓட்ட ஆளில்லாத விமானம் பனையோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"மச்சான், அண்டைக்குக் குண்டு போட வந்தது ஐஞ்சு பனை உயரத்துக்குப் பதிஞ்சது. நான் அங்காலைத் தோட்டத்திலை மெசினோடை நிண்டு பாத்தனான். உன்ரை அக்கா கொடியிலை உடுப்பு எடுத்துக்கொண்டு நிண்டவள். மேலை இருந்தவனுக்கு அவளைத் தெரிஞ்சிருக்குமோ?"

முப்பது வருடமாக அவர் அதை வாய் திறந்து கேட்டதில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. பெற்றோல் முடிந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை நாங்கள் எழும்பவில்லை.

பின்னேரம் பொலிஸ் வந்து லைசன்ஸ் கேட்டது. அத்தான் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஓட்டுகிற லைசன்ஸைக் கொண்டுவந்து நீட்டினார். இனி அந்த எஞ்சினைத் தொடுவதில்லை என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அதன் பிறகு விமானத்துக்குள் கோழி அடைகிடந்தது.

வைகாசியில் பக்கத்து வீட்டில் கலியாணம். வீடியோக்காரர் ட்ரோன் கமராவை மேலே விட்டதுதான் தாமதம், அத்தான் வேலி பாய்ந்துவிட்டார்.

"தம்பி, உது எவ்வளவு உயரம் போகும்?"

"நூறு மீற்றர் போகும் ஐயா."

அத்தான் விரல்களில் பனைகளை எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார்.

"மச்சான், வீட்டை போய்க் கொடியிலை நாலு உடுப்பைப் போடு. போட்டிட்டு, எடு. கெதியா எடுக்காதை, அவள் எடுக்கிற மாதிரி எடு."

நான் போனேன். அக்கா ஒவ்வொன்றாக உதறி, தோளில் போட்டுக்கொண்டு நகர்வாள். அப்படியே செய்தேன். தலைக்கு மேலே அந்தச் சின்னச் சாமான் இரைந்துகொண்டு நின்றது.  ஒரு துவாய் விழுந்து, குனிந்து எடுத்தேன். மேலே பார்க்கவில்லை.

வீடியோக்காரரின் திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தான் திரும்பி வர நேரமெடுத்தது. வந்தவர் செம்பில் தண்ணீர் அள்ளிக் குடித்தார்.

"தெரிஞ்சுதோ அத்தான்?"

"ஒண்டும் தெரியேல்லை மச்சான். கூரை தெரியுது, மரம் தெரியுது. நீ நிண்ட இடமே விளங்கேல்லை. அவனுக்கும் விளங்கியிராது." என் முகத்தைப் பார்க்காமல் செம்பைக் கழுவினார். எனக்கு நெஞ்சில் கிடந்த பாறாங்கல் ஒன்று கொஞ்சம் அசைந்தது.

ஒரு மாதம் கழித்து, பக்கத்து வீட்டில் கலியாண வீடியோ போட்டார்கள். மணமக்கள், பந்தல், தெரு, அதற்கடுத்து எங்கள் முற்றம். கொடியடியில் நான் நிற்கிறேன். என் மொட்டை தெரிகிறது. தோளில் கிடந்த துவாயின் சிவப்புக் கரை தெரிகிறது. அது விழுந்ததும், நான் குனிந்ததும் தெரிகிறது. ஒரு மனிதர் உடுப்பு எடுத்துக்கொண்டு நிற்கிறார் என்பது எந்தக் குழந்தைக்கும் விளங்கும்.

வேலியைக் கடந்து வந்தேன். அத்தான் விமானத்தடியில் முட்டை பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"வீடியோ பாத்தனியோ?"

"ஓம்."

"எங்கடை முற்றம் வந்ததோ?"

"வந்தது. அந்த உயரத்திலை என்ன தெரியப்போகுது அத்தான்? ஒண்டும் விளங்கேல்லை."

அவர் பொறுக்கிய முட்டைகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னதும் அவருக்கு விளங்கியது, ஏன் சொன்னேன் என்பதும் விளங்கியது. வடக்கே மழை இருட்டிக்கொண்டு வந்தது. இறக்கையில் காய்ந்த சாரத்தை எடுத்து என் தோளில் போட்டுவிட்டு, என் மனைவி அன்று காலை கொடியில் போட்டிருந்த உடுப்புகளைப் பார்த்தார்.

"மழை வருது. வா மச்சான், ரெண்டு பேருமா எடுப்பம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு, முப்பது வருடத்தில் முதல் தடவையாக உடுப்பு எடுக்க அந்தக் கொடியடிக்கு நடந்தார்.