ஐஸ்பொட்டியும் முதலாளியின் கணுக்காலும்

பூந்தமல்லியிலிருந்து ஆவடி வரைக்கும் சலித்தெடுத்தாலும் ஐஸ்பொட்டியைப் போல ஒரு கிறுக்கன் கிடைக்கமாட்டான். எழுதியே தருகிறேன்.

சென்னீர்குப்பத்தில் ஒரு கபடிப் பயிற்சி மையம். ஆட்டக்காரர்களுக்குச் சுளுக்கு எடுப்பது, கட்டுப் போடுவது, ஐஸ் வைப்பது எனக்கும் ஐஸ்பொட்டிக்கும் வேலை. அதற்கென்றே நாலு வருஷம் படித்த எங்களுக்கு முதலாளி கொடுத்த ஆரம்பச் சம்பளம், அங்கே வாட்ச்மேன் வாங்கியதைவிடக் குறைவு. வேறு என்ன சலுகை என்று கேட்டேன். "ரெண்டு டிராக் பேன்ட், மதியம் சாம்பார் சாதம்" என்றார். வெட்கமே இல்லை அந்த ஆளுக்கு.

ஐஸ் வாங்கவும் காசு தரமாட்டார். திருநின்றவூரிலிருந்து வரும் ஐஸ்பொட்டி ஆவடியில் இறங்கி, மீன் மார்க்கெட்டில் கெஞ்சி ஐஸ் வாங்கி, தெர்மாகோல் பெட்டியில் சுமந்து வருவான். பெயர் வந்தது அப்படித்தான். பலன்? எங்கள் அணி மைதானத்தைச் சுற்றி ஓடினால் பின்னாலேயே ஏழு பூனைகள் ஓடும்.

இன்னொரு கிறுக்கும் உண்டு. எவன் அடிபட்டாலும் ஃபாரம் நிரப்புவான். பெயர், வயது, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீட்டு நம்பர். எவனுக்கும் நம்பர் கிடையாது என்று தெரிந்தே கேட்பான்.

என் மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். ஆஸ்பத்திரிக்கு ஈ.எஸ்.ஐ. இல்லையென்றால் இந்த வேலையை உதறிவிட்டு அம்பத்தூர் குடோனுக்குப் போவதென்று முடிவு செய்திருந்தேன். முதலாளியிடம் மூன்று முறை கேட்டாயிற்று. மூன்று முறையும் "பாக்கலாம்பா."

ஒரு ஞாயிறு, பெற்றோர்கள் முன்னால் ரெய்டு போய்க் காட்டுகிறேன் என்று முதலாளி தொப்பையோடு பாய்ந்தார். கணுக்கால் மடங்கிப் பொத்தென்று விழுந்தார். ஐஸ்பொட்டி ஓடிப்போய் ஐஸ் வைத்தான், கட்டுப் போட்டான். வலி அடங்கியதும் ஃபாரத்தை எடுத்தான்.

"சார், ஈஎஸ்ஐ நம்பர் சொல்லுங்க."

"யோவ், நான் ஓனர்யா!"

"எங்களுக்குத்தான் இல்ல, உங்களுக்காச்சும் கீதான்னு கேட்டேன் சார்."

கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்துவிட்டார். "இன்னாது, இவங்களுக்கு ஈஎஸ்ஐ இல்லியா? எம்புள்ள கால ஒடச்சிகினா இவங்கதானே பாக்கணும்? இவங்களயே பாக்க ஆள் இல்லியா?"

எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். முதலாளி அலறினார்: "நாளைக்கே போட்டுத் தொலைக்கிறேன்! மொதல்ல என் கால நக்குற பூனையத் தொரத்துங்கடா!"

மறுநாள் ஒரே ஒரு விண்ணப்பத்தை ஐஸ்பொட்டியிடம் நீட்டி, "இந்த மாசம் ஒருத்தருக்குத்தான்" என்றார். கஞ்சன். ஐஸ்பொட்டி அங்கேயே எழுதிக் கொடுத்தான். எட்டிப் பார்த்தேன். என் பெயர்.

"லூசாடா நீ? கேட்டு வாங்குனது நீதானே!"

"மச்சான், நான் கல்லாட்டம் கீறேன். உன் ஊட்ல ரெண்டு உசுரு கீது. போடா, போய் வேலயப் பாரு."

எனக்குக் கோபம் வராத ஆளே ஊரில் கிடையாது. அவன்மேல் வந்த கோபத்துக்கு மட்டும் கண்ணில் தண்ணீர் வந்து தொலைத்தது.