சுவாமித் திரியும் ஒரு கம்பிச்சுருளும்

அப்டன் பார்க்
மார்கழி 2009

அன்புள்ள மைத்துனன் கிருஷ்ணராசாவுக்கு,

நானும் உன் அக்காவும் சுகம். வெம்பிளியில் நீயும் கோசிகாவும் பிள்ளைகளும் இந்தக் குளிரில் கம்பளிக்குள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைத் தொலைபேசியிலும் சொல்லலாம்தான். ஆனால் பாதிக் கதையில் உன் அக்கா குறுக்கிட்டு மீதியைத் தானே சொல்லிவிடுவா. அதனால் எழுதுகிறேன்.

நாம் இருவரும் புகையை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறிய அன்று நீ கேட்டாய்: "அத்தான், இதுக்குள்ள இருக்கிற கம்பிச்சுருள் எரிஞ்சு போச்செண்டா என்ன செய்வியள்?"

"விஞ்ஞானம் படிப்பிச்சவன் நான், புதுசா ஒண்டு சுத்திப் பூட்டுவன்" என்றேன். அந்த வாய் அன்று சும்மா இருந்திருக்கலாம்.

போன செவ்வாய்க்கிழமை என் மின்சிகரெட் இழுக்கவில்லை. நுனி விளக்கும் மினுங்கவில்லை. சுருள்தான் போய்விட்டது என்று முடிவுகட்டினேன். புதுச்சுருள் வர ஒரு கிழமையாகும் என்றான் கடைக்காரன். மூலைக்கடையிலோ சிகரெட் கண்ணெதிரே அடுக்கிக் கிடக்கிறது. மேலங்கியைக்கூடப் போட்டுவிட்டேன். "சிகரெட் ஒண்டு இந்த வாசலைத் தாண்டினா நான் மகளிட்டப் போயிடுவன்" என்று உன் அக்கா சொல்லியிருக்கிறா. சொன்னால் செய்வா. மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு மேசையில் உட்கார்ந்து பழைய சுருளைப் பிய்த்து எறிந்தேன்.

சுருள் பெரிய வித்தையில்லை. கேத்தலின் அடியில் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் கம்பி இருக்கிறதல்லவா, அதன் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள். நடுவில் ஒரு திரி. திரி திரவத்தைக் குடிக்கும், கம்பி சுடும், ஆவி வரும். கம்பிக்கு உன் அக்காவின் ஹெயார் ட்ரையரைக் கழற்றினேன், அதற்குள் இருப்பதும் அதே இனம்தான், ஊசியில் சுற்றினேன், கண்ணாடி மூக்கிலிருந்து விழ விழ எடுத்து மாட்டினேன், திரிக்கு எங்கே போவதென்று பார்த்தால் சுவாமித் தட்டில் பஞ்சுத்திரிகள் வெள்ளையாக, விறைப்பாகக் கிடந்தன, நல்ல தரமான சாமான் என்று ஒன்றைக் கோத்து, சார்ஜரில் கிடந்த பற்றரியைப் பூட்டி இழுத்தால் வாய்க்குள் கோயில்! மூலஸ்தானத்துக்கு முன்னால் நிற்பதுபோல மணம். அவை வெள்ளிக்கிழமைக்கென்று அக்கா நெய்யில் தோய்த்து வைத்த திரிகளாம், லண்டன் குளிரில் நெய் உறைந்து விறைத்துப் போயிருக்கிறது, எனக்கெங்கே தெரியும், அதற்குள் கூரையிலிருந்த புகைமணி கத்தத் தொடங்க உன் அக்கா புகையை விசிறத் துவாயோடு ஓடி வந்தா.

"ஆர் இப்ப விளக்குக் கொளுத்தினது?"

"ஒருத்தருமில்லையப்பா."

"அப்ப உங்கட வாயில என்ன?"

"திரி."

"சுவாமின்ர திரியோ! பொறுங்கோ, கற்பூரமும் கொண்டு வாறன். வாயத் திறந்தபடி வைச்சிருங்கோ!"

பிறகு நெய் படாத பஞ்சில் திரி உருட்டித் தந்ததும் அவதான். புதிதாகச் சுற்றிப் பூட்டினேன். இழுத்தது! கிருஷ்ணராசா, நெஞ்சில் கிடந்த பாரமெல்லாம் அந்த ஆவியோடு போனது. நான் மூலைக்கடைக்குப் போகவில்லை, உன் அக்கா மகளிடம் போகவில்லை, மேலங்கி மாட்டிய இடத்திலேயே தொங்குகிறது. உன்னுடையது பழுதானால் கொண்டு வா, சுற்றித் தருகிறேன்.

பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள். சளி பிடிக்காமலும் சண்டை பிடிக்காமலும் வளரட்டும்.

அன்புடன்,
அத்தான் சண்முகராசா

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உன் அக்கா இதை வாசித்துவிட்டுச் சிரிக்கிறா. "சார்ஜர் செருகிற சுவிட்சை நான் ரெண்டு மூண்டு நாளா ஓஃப் பண்ணி விட்டனான், கரண்ட் வீணெண்டு. நீங்கள் கம்பி சுத்திக்கொண்டிருக்கேக்கதான் பாவமெண்டு போட்டுவிட்டனான்." ஆகவே போனது பற்றரியின் சார்ஜ்தான்; எரிந்துபோகாத நல்ல சுருளைத்தான் பிய்த்து எறிந்திருக்கிறேன். ஹெயார் ட்ரையர் இனி எழும்பாது. 'மின்குமிழ் எரியாவிட்டால் முதலில் மின் வருகிறதா என்று பார்' என்று வகுப்பு வகுப்பாகப் படிப்பித்தவன் நான். உன்னுடையது இழுக்காவிட்டால் எதையும் கழற்றாதே. முதலில் சுவரில் இருக்கும் சுவிட்சைப் போட்டுப் பார்.