நாற்காலியின் இயல்பான நடிப்பு

திரைப்பட விமரிசனக் கலை எங்கே பிறந்தது என்று கேட்டால் அறிஞர்கள் ஆளுக்கொரு ஊரைச் சொல்வார்கள். எங்கே பிறந்தால் என்ன? அது வளர்ந்து, பக்குவப்பட்டு, நாலு பேர் மத்தியில் அடக்க ஒடுக்கமாக நடந்துகொள்ளக் கற்ற இடம் ஒரகடம் சாலைதான். அதிலும் குறிப்பாக, லாரிகள் திரும்பும் முனையில் இருக்கும் எங்கள் உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பு. அங்கே ஆங்கிலம் போதிக்கும் பாக்கியம் பெற்றவன் நான். தற்பெருமை எனக்குப் பிடிக்காது. உண்மையை மறைப்பது அதைவிடப் பிடிக்காது.

பாடத்தில் 'ஒரு படம் பார்த்து விமரிசனம் எழுதுக' என்று ஒரு பயிற்சி. எழுதுவது பெரிய காரியமில்லை. கதை, நடிப்பு, இசை, கருத்து என்று தலைப்புப் போட்டு, தலைப்புக்கு நாலு வாக்கியம் எழுதினால் தீர்ந்தது. எந்தப் படத்தைக் காட்டுவது என்பதில்தான் ஆசிரியர் கூட்டம் கூடிக் கூடி, டீயும் பஜ்ஜியுமாகக் கலைந்தது. தமிழ்ப் படம் போட்டால் ஒரு நடிகரின் ரசிகர்கள் விசிலடிப்பார்கள், இன்னொருவரின் ரசிகர்கள் பெஞ்சை உடைப்பார்கள். ஆங்கிலப் படம் போட்டால் எந்த நிமிஷத்தில் முத்தம் வரும் என்று சொல்ல முடியாது. தலைமையாசிரியர் சுப்பராயலு ரிமோட்டும் கையுமாகக் காவல் நிற்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை.

அப்போதுதான் எங்கள் பள்ளியைத் 'தத்தெடுத்திருக்கும்' கம்பெனி கைகொடுத்தது. கார்களுக்கு சீட்டு செய்யும் கம்பெனி. உலகத்தின் பல நாடுகளில் மனிதர்கள் சௌகரியமாக உட்கார்ந்து பயணம் போகிறார்கள் என்றால், அதற்கு எங்கள் வட்டாரத்து ஜனங்களே காரணம் என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். கம்பெனி தன்னைப் பற்றித் தானே ஒரு குறும்படம் எடுத்து வைத்திருந்தது. பெயர் 'புன்னகை ஷிப்ட்'. ஆங்கில வர்ணனை, பின்னால் புல்லாங்குழல். கதாநாயகன் கிடையாது, ஆகவே பெஞ்சு பிழைத்தது. முத்தம் கிடையாது, ஒரு கைகுலுக்கலோடு சரி. சிறந்த விமரிசனம் பெற்றோர் விழா மேடையில் வாசிக்கப்படும் என்றும், அதே மேடையில் பள்ளிக்குக் கழிப்பறை கட்டும் அறிவிப்பு வரும் என்றும் தெரிவித்தார்கள். கலையும் சுகாதாரமும் இவ்வளவு நெருங்கி நின்று நான் பார்த்ததில்லை.

படம் ஓடியது. பாதியில் வகுப்பே 'ஹோ' என்று கத்தியது. திரையில், முதல் பெஞ்சு யுவஸ்ரீயின் அம்மா காஞ்சனா! ஒரு நீல நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கார் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டே சிரித்தார். பிறகு, யாரோ ஒரு பம்பாய்ப் பெண்ணின் குரலில், "இது என் இரண்டாவது வீடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

"யுவா, உங்கம்மா இன்னாமா இங்கிலீஷ் வுடுது!" என்றான் பகலவன்.

யுவஸ்ரீ சிரிக்கவில்லை. "சார், நடிப்புன்ற தலைப்புல மனுஷங்கள பத்தி மட்டும்தான் எழுதணுமா?"

"கண்ணால் பார்த்ததை அஞ்சாமல் எழுதும்மா. அதற்குப் பெயர்தான் விமரிசனம்" என்றேன். வாக்கியம் நன்றாக வந்துவிட்டதால் கரும்பலகையிலும் எழுதினேன்.

பகலவனின் அப்பா கம்பெனியில் தரப் பரிசோதகர். பையன் கதைக்கு 'ஓகே', நடிப்புக்கு 'ஓகே', புல்லாங்குழலுக்கு 'ரிஜெக்ட்' என்று எழுதி, தேதி போட்டு இனிஷியலும் வைத்திருந்தான். பாதி வகுப்பு அவனைப் பார்த்து எழுதியது. இந்தக் கும்பலில் யுவஸ்ரீயின் தாள் தனியாக ஒளி வீசியது. நான் திருத்தும் முறையை இங்கே விளக்க வேண்டும். எழுத்துப் பிழை, இலக்கணப் பிழை, முற்றுப்புள்ளி. இவைதான் என் எல்லை. பொருளுக்குள் தலையிடுவதில்லை. அது எழுதியவரின் சொந்த விஷயம். யுவஸ்ரீயின் தாளில் மூன்றே பிழைகள். அவற்றைச் சுழித்துச் சரிசெய்து, சிறந்த விமரிசனம் இதுவே என்று அன்றைக்கே கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன்.

மறுநாள் ஷிப்ட் முடிந்த கையோடு, கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றாமல் காஞ்சனா வந்து நின்றார்.

"இன்னா சார் இப்டி பண்ட்டீங்க? எம்பொண்ணு எழுதனத படிச்சீங்களா இல்லியா?"

"படிக்காமலா? மூன்றே தப்பு. பாராட்டுக்கள்."

"அத்த கேக்கல சார். உள்ள இன்னா எழுதிகீதுன்னு படிச்சீங்களா?"

இந்தக் கேள்வியை என் பணிக்காலத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. தாளின் நகலை எடுத்துப் படித்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

'இந்தப் படத்தில் மிகச் சிறப்பாக நடித்திருப்பது நாற்காலி. அது ஷூட்டிங் அன்று காலையில் ஆபீஸ் அறையிலிருந்து வந்தது. சாயங்காலம் திரும்பிப் போய்விட்டது. ஆனால் படத்தில் பார்த்தால் வருஷக்கணக்காக அங்கேயே இருப்பது போல இருக்கிறது. மிகவும் இயல்பான நடிப்பு. அடுத்தபடியாக என் அம்மா. வேலை நேரத்தில் உட்கார்ந்து பழக்கமில்லாதவர் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது. கருத்து: வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொள்வார். அந்தக் காட்சியைச் சேர்த்திருந்தால் படம் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.'

எனக்கு வியர்த்தது. ஆனால் அந்த மூன்று திருத்தங்கள் எவ்வளவு கச்சிதம் என்பதையும் கவனித்தேன்.

"அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது சார். நின்னுகினாவது காலத்த தள்ளிடலாம்னு பாத்தா, அதுவும் பூடும் போல கீது" என்றார் காஞ்சனா. "அவ அப்பாவும் இல்ல. எத வச்சு சார் அவள படிக்க வைப்பேன்?"

யுவஸ்ரீயைக் கூப்பிட்டு, வேறு விமரிசனம் எழுதித் தரச் சொன்னேன்.

"எது தப்பு சார்?"

"தப்பில்லை. எல்லாம் உண்மை. அதுதான் சிக்கல்."

"கண்ணால பாத்தத அஞ்சாம எழுதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க?"

"அது பாடம்மா! பாடத்தை யாராவது நம்புவார்களா?"

அதற்குள் காலம் கடந்து, பழைய தாள் கம்பெனி மேலிடம் வரை போய்விட்டது. விழாவன்று கம்பெனியின் மனிதவள அதிகாரி வனமாமலை வந்து இறங்கினார். நாங்குநேரிப் பக்கத்துக்காரர். தலைமையாசிரியர் மாலையோடு என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். வனமாமலையோ முகமெல்லாம் சிரிப்பு. "என்ன சார், ரெண்டு பேரும் இப்படி பயப்படுதீய? பிள்ள எழுதுனத மேலிடம் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டாவ" என்றவர் நேராக மைக்கைப் பிடித்தார்.

"ஒரு சின்னப் பிள்ள நம்ம படத்துல குறை கண்டுபிடிச்சிருக்கா! படம் ஒண்ணு சொல்லுது, வேல நடக்குத லைன் ஒண்ணு சொல்லுது. ரெண்டும் ஒண்ணா இருக்கணுமா வேண்டாமா? மேனேஜ்மென்ட் உக்காந்து பேசி, செலவப் பாக்காம உடனே சரி பண்ணிட்டாவ!"

கூட்டம் கைதட்டியது. காஞ்சனா பக்கத்திலிருந்த பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, "லைனுக்கு சேர் வந்துச்சா? மெய்யாலுமா?" என்று கேட்டார். ஆங்கிலத்தால் நன்மை விளைந்து நான் நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

விளக்கை அணைத்தார்கள். திருத்திய 'புன்னகை ஷிப்ட்' ஓடியது. புல்லாங்குழல் ஒலித்தது. காஞ்சனா வந்தார். நாற்காலியைக் காணோம். கம்ப்யூட்டரில் நாற்காலியை மட்டும் அழித்துவிட்டு மற்றதை அப்படியே விட்டிருந்தார்கள். முழங்காலை மடக்கி, முதுகைச் சாய்த்து, வெறும் காற்றின் மேல் உட்கார்ந்தபடி, காஞ்சனா சிரித்துக்கொண்டே சீட்டுக்கு உறை மாட்டினார். இது என் இரண்டாவது வீடு என்றார்.

முதலில் கைதட்டியவர் தலைமையாசிரியர். அவர் கண்ணைப் பற்றி முன்பே சொல்லிவிட்டேன்.

நிஜக் காஞ்சனா எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். யுவஸ்ரீ பின்னாலேயே ஓடினாள். வனமாமலை என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்தம்மா கான்ட்ராக்ட் புதுப்பிக்காம என் டேபிள்லதான் கெடக்கு சார். புதுப் படத்துக்கு அந்தப் பிள்ள நல்லதா ஒரு விமரிசனம் எழுதிக் குடுத்தா, கையெழுத்துப் போட்டுருதேன்."

"நல்லது என்றால்?"

"இங்கிலீஷ் வாத்தியார் நீங்க. நான் சொல்லித் தரணுமாக்கும்?"

திங்கட்கிழமை யுவஸ்ரீ பேனாவோடு என் முன்னால் உட்கார்ந்தாள். "நீங்களே சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்." சொன்னேன். என் வாழ்நாளின் மிகச் சிறந்த உரைநடை அது என்று நினைக்கிறேன். 'நடிப்பு: காஞ்சனா எதன் ஆதரவும் இல்லாமல் அமர்ந்திருப்பது உழைப்பவரின் தன்னம்பிக்கையை அழகாகக் காட்டுகிறது.' தன்னம்பிக்கைக்கு ஸ்பெல்லிங் கேட்டாள். அதையும் சொன்னேன். அவள் ஒரு துளி கண்ணீர்கூட விடவில்லை. அது எனக்குச் சங்கடமாக இருந்தது.

தாளைப் போனில் படம் பிடித்து அனுப்பினேன். மாலைக்குள் வனமாமலை கையெழுத்துப் போட்டார். காஞ்சனாவுக்கு இன்னும் ஆறு மாதம் நிற்க அனுமதி கிடைத்தது. பள்ளிக்குக் கழிப்பறை கிடைத்தது. எனக்கு ஒரு சால்வை.

அரையாண்டுத் தேர்வில் அதே கேள்வியைக் கேட்டேன். அதே படம். யுவஸ்ரீ அந்த விமரிசனத்தை ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்திருந்தாள். பிழை தேடினேன். எழுத்துப் பிழை இல்லை, இலக்கணப் பிழை இல்லை, முற்றுப்புள்ளிகள் அததன் இடத்தில் இருந்தன. ஆனால் கடைசியில், விமரிசகர் பெயர் எழுத வேண்டிய இடத்தில், தன் பெயரை விட்டுவிட்டு என் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன். எவ்வளவு நேரம் பார்த்தும் அதில் பிழை தெரியவில்லை. முழு மதிப்பெண் போட்டேன்.