கோமேதகத்தில் கொஞ்சம் யுரேனியம்

கேட்ட கேள்விக்கு முழுப் பதில் சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது இருக்கிறது. "சாப்பிட்டாச்சா?" என்றால் "ஆச்சு" என்று முடித்துக்கொள்ளும் புண்ணியவான்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும். நான் என்ன சாப்பிட்டேன், அதில் உப்பு எவ்வளவு இருந்தது என்பதுவரை போய்விட்டுத்தான் திரும்புவேன். இந்த வியாதியால் என் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிள்ளானில் ஏறக்குறைய நின்றே போயிற்று.

நான் படித்தது நிலவியல். சேலத்துக்காரி. வேலை விசாவில் கோலாலம்பூர் வந்து, பிரிக்பீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, ஒரு கனிமச் சோதனைக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். பழைய ஈயச் சுரங்கங்களில் ஈயத்தை அலசி எடுத்த பிறகு மிஞ்சிய கறுப்பு மணலை இங்கே 'அமாங்' என்பார்கள். அதில் சிர்க்கான் என்று ஒரு கனிமம் உண்டு. ரவையில் பாதி இருக்கும் ஒவ்வொரு மணியும். கருங்கல் உருகிய குழம்பாக இருந்து இறுகிய காலத்தில், இந்த மணி துளி யுரேனியத்தை உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து அந்த யுரேனியம் மெல்ல மெல்லக் காரீயமாக மாறிக்கொண்டே இருக்கும். மாறியது எவ்வளவு, மாறாதது எவ்வளவு என்று அளந்தால் கல்லின் வயது வந்துவிடும். (பார்த்தீர்களா, யாராவது கேட்டீர்களா இதை?)

தினேஷ் கிள்ளான்காரன். துறைமுகத்தில் ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை. இரண்டு வருஷமாகப் பழகினோம். அவன் அம்மாவுக்கு 'ஊர்லேர்ந்து வந்த பொண்ணு', அதாவது இந்தியாக்காரி, என்றாலே முகம் சுருங்கும். கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு தடவை என்னைப் பார்க்கச் சம்மதம் வாங்கியிருந்தான். அம்மாவுக்குப் பிடிக்காவிட்டால் அவ்வளவுதான், அவன் மீறி வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். கொமுட்டர் ரயிலில் கிள்ளான் போய்ச் சேரும்வரை அவன் திருப்பித் திருப்பிச் சொன்னது ஒன்றுதான்.

"கல்லப் பத்திப் பேசாத லா."

மேரு பக்கம் வீடு. தினேஷின் அப்பா முனியாண்டி அங்கிள் சொந்தமாக இரண்டு லோரி வைத்திருந்தார். அம்மா செல்வி ஆன்டி பாயசக் கிண்ணத்தை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்தார்.

"என்னம்மா வேல பாக்குற?"

"வயசு பாக்கறேன் ஆன்டி."

"யாரு வயச?" ஆன்டி முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"கல்லு வயச."

தினேஷ் கண்ணை மூடிக்கொண்டான். ஆனால் அங்கிளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கெந்திங் ரோட்டுல எத்தன தடவ லோரி ஓட்டிருக்கேன். அந்த மலைக்கு என்னம்மா வயசு?"

"அது கருங்கல் அங்கிள். சுமாரா இருபது கோடி வருஷம்."

"அப்ப பத்துமல?"

"அது சுண்ணாம்புக்கல். இன்னும் மூத்தது. நாப்பது கோடி இருக்கும்."

"முருகா" என்று ஆன்டி கையெடுத்துக் கும்பிட்டார். அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு. என் கிண்ணத்தில் இன்னொரு கரண்டி பாயசமும் விழுந்தது. அதோடு நான் வாயைக் கழுவிக்கொண்டு எழுந்திருக்க வேண்டும். கிறுக்கு எனக்கு. பாராட்டு தலைக்கேறி, கரண்டி பிடித்த அந்தக் கையைப் பார்த்தேன். மோதிர விரலில் தேன் நிறத்தில் ஒரு கல்.

"ஆன்டி, இது கோமேதகம்தானே? கடையில சிர்க்கான்னு சொல்லித்தான் விப்பாங்க. சிர்க்கானுக்குள்ள துளி யுரேனியம் இருக்கும், அதுதான் நான் வயசு பாக்குற கடிகாரம். அது உங்க விரல்லயே ஓடிட்டிருக்கு."

சத்தியமாக நான் அதை ஒரு புகழ்ச்சியாகத்தான் சொன்னேன்.

"யுரேனியம்னா பாமுல போடுறதுதானே?" என்றார் அங்கிள்.

"ஆமா அங்கிள், ஆனா இது கொஞ்சமா இருக்கும். தானா ஈயமா மாறிடும்."

காரீயம் என்று சொல்லியிருக்க வேண்டும். மலேசியாவில் ஈயம் என்றால் தோண்டி எடுத்த ஈயம், அதாவது வெள்ளீயம். அங்கிள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "எங்கப்பா பூச்சோங்ல இருபத்தஞ்சு வருஷம் ஈயச் சுரங்கத்துல நின்னாரும்மா. அப்ப அதெல்லாம் மொதல்ல யுரேனியமா இருந்ததா?"

"இல்ல அங்கிள், அது வேற ஈயம், இது வேற ஈயம்."

கேட்க ஆளில்லை. அவர் தன் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் வந்த இருமலைப் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். ஆன்டி மட்டும் அசையாமல் என்னையே பார்த்தார்.

"அது கெடக்கட்டும். என் வெரல்ல அது இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

'இல்லை' என்று ஒரு வார்த்தை போதும். மனுஷியாகப் பிறந்த எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

"கொஞ்சம் இருக்கும் ஆன்டி. பத்து லட்சத்துல சில நூறு பங்கு."

"நூறா?"

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோப்பு போட்டார்கள். தேங்காய் எண்ணெய் போட்டார்கள். அங்கிள் நூல் சுற்றி இழுத்தார். தினேஷ் ஐஸ்கட்டி வைத்தான். ஏழு வருஷமாகக் கழற்றாத மோதிரம், அசைவேனா என்றது. விரல் வீங்கிக் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. "ஆன்டி, பயப்பட ஒண்ணுமில்ல, நான் தினமும் தொடறேன்" என்று நான் சொன்னபோது எல்லாரும் என்னைவிட்டு ஓர் அடி தள்ளி நின்றார்கள்.

இந்த ஊரில் மோதிரம் சிக்கிக்கொண்டால் பொம்பாவிடம் போவார்கள். தீயணைப்பு நிலையம்தான். அவர்களிடம் மோதிரம் அறுக்க ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். ஐந்து நிமிஷ வேலை. அங்கிள் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்.

முன்னால் இருந்த இளம் வீரர், பாவம், சிரித்த முகத்தோடு மலாயில் என்ன விஷயம் என்று கேட்டார். அங்கிள் ஆன்டியின் கையைத் தூக்கிக் காட்டி, "ரேடியோஆக்டிஃப்" என்றார்.

சிரிப்பு போய்விட்டது. உள்ளேயிருந்து ஓர் அதிகாரி வந்தார். நிலைமையை நான்தான் காப்பாற்ற வேண்டும் என்று முன்னால் பாய்ந்தேன். எனக்கு அப்போது தெரிந்த மலாய் பாசாரில் தக்காளி வாங்கும் அளவுதான். 'ஆபத்து இல்லை' என்று சொல்ல வேண்டும். மலாயில் 'இல்லை'க்கு இரண்டு வார்த்தை. 'தாக்' ஒன்று, 'புக்கான்' ஒன்று. எதை எங்கே போடுவது என்று எனக்கு இன்றைக்கும் தடுமாற்றம். ஓடிவந்த மூச்சிரைப்பில், "புக்கான்..." என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "பஹாயா" என்றேன்.

அவர் காதில் அது விழுந்தது இப்படி: "அது இல்ல... ஆபத்து."

மஞ்சள் நாடா கட்டினார்கள். ஆன்டியை நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் தனியாக உட்கார வைத்தார்கள். அளக்கும் கருவியோடு வேறோர் இடத்திலிருந்து ஒரு குழு வரவேண்டும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுத்திய பட்டுச்சேலையோடு, கையை உடம்பில் படாமல் நீட்டிக்கொண்டு, ஒரு மணி நேரம் அந்த அம்மாள் வெயிலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். வேலிக்கு வெளியே கூட்டம் கூடி, படம் எடுக்கவும் ஆரம்பித்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. தினேஷ் என் பக்கம் திரும்பவேயில்லை.

குழு வந்தது. கருவியை மோதிரத்தின் மேல் பிடித்தார்கள். பிறகு நாற்காலியின் மேல். பிறகு தரையின் மேல். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு. "தாக் அடா அப்பா-அப்பா, காக்" என்று அந்த அதிகாரி ஆன்டியிடம் சிரித்தார். ஒன்றுமே இல்லையாம், அக்கா.

எல்லாரும் மூச்சு விட்டோம். நான் விட்டேனா? "அது ரொம்பக் கம்மியா இருக்கும், இந்தக் கருவியில தெரியாது" என்று தமிழில் விளக்கினேன். தினேஷ் என் காலை மிதித்தான்.

கல் எப்படியோ போகட்டும், வீங்கின விரலுக்காக மோதிரத்தை அறுத்தே ஆகவேண்டும். சக்கரம் சுழன்றபோதுதான் ஆன்டியின் கண் கலங்கியது. "ஏழு வருஷம்" என்றார், யாரையும் பார்க்காமல். "இவனுக்கு மூணு எடம் வந்து தட்டிப் போச்சு. ராகு சரியில்லன்னு பிரிக்பீல்ட்ஸ் ஜோசியர் என்னையப் போடச் சொன்னாரு. இவன் கல்யாணம் முடிவாகுற அன்னைக்குத்தான் கழட்டணும்னு சொன்னாரு. நடுவுல கழட்டவே கூடாதுன்னாரு."

டிங் என்று மோதிரம் கீழே விழுந்தது. குனிந்து எடுத்து நீட்டினேன். "நீயே வச்சுக்க" என்றார். வீடு திரும்பும் வழியில் என்னை ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் சோதனைக்கூடத்தில் அந்தக் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிஜ சிர்க்கான் என்றால் பின்பக்கத்து விளிம்புகள் இரட்டையாகத் தெரியும். இதில் ஒற்றைதான். மறுபடி துடைத்துப் பார்த்தேன். ஒற்றை. கோமேதகம் என்பது கார்னெட் என்ற வேறொரு கனிம வகை. கடைக்காரர்கள் காலங்காலமாக அதை சிர்க்கான் என்று சொல்லிவருகிறார்கள். படித்த நானும் அதை அப்படியே நம்பி ஒரு குடும்பத்தை வெயிலில் உட்கார வைத்திருக்கிறேன். பயப்பட அந்தக் கல்லில் யுரேனியமே கிடையாது. அந்த லென்ஸ் ஞாயிற்றுக்கிழமை முழுக்க என் கைப்பையில்தான் இருந்தது.

"அம்மாகிட்ட சொல்லாத" என்றான் தினேஷ் போனில். "கல்லுல விஷயம் இருந்துச்சுன்னாவது நெனச்சுக்கட்டும்."

என்னால் முடியவில்லை. என் வியாதிதான் உங்களுக்குத் தெரியுமே. வேலை முடிந்து நேரே கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். ஆன்டி சமையலறையில் விரலில் கட்டோடு பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கல்லை மேசையில் வைத்தேன்.

"ஆன்டி, இது சிர்க்கான் இல்ல. நான் சொன்னது தப்பு. இதுல ஒண்ணுமே இல்ல. சும்மா ஒங்க மோதிரத்த அறுக்க வச்சுட்டேன். மன்னிச்சிருங்க."

கத்தி நின்றது. ஆன்டி கல்லைப் பார்த்தார், கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தேன்.

"கழட்டுனது கழட்டுனதுதானே?"

"ஆமா ஆன்டி."

"கல்யாணம் முடிவாகாம கழட்டுனா ராகு சும்மா விடுவாரா?"

"அது எனக்குத் தெரியல ஆன்டி." (அந்த ஒரு கேள்விக்குத்தான் என்னிடம் முழுப் பதில் இல்லை.)

"எனக்குத் தெரியும். ஏழு வருஷம் வெரதம் காத்துட்டு இப்ப போயி குத்தம் வாங்கிக்க நான் தயாரா இல்ல. அப்ப என்ன அர்த்தம்? நேத்தே முடிவாயிருச்சுன்னு அர்த்தம்." பயற்றங்காயில் பாதியை என் பக்கம் தள்ளினார். "சும்மா நிக்காத, நறுக்கு. ஒங்கம்மா நம்பர் குடு."

நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் பயற்றங்காயைக் காரணம் சொல்ல முடியவில்லை.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. ஆன்டி இப்போது அத்தை. கிள்ளானில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் என்னைக் காட்டி, "மருமக ஊர்க்காரப் பொண்ணாமே, லவ் மேரேஜா, நீங்களே பாத்து முடிச்சதா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முந்திக்கொள்வார்.

"ரெண்டும் இல்ல. பொம்பாக்காரன் முடிச்சு வச்சது."