இன்னும் ஒரு சுற்றுக்காரர்

உலகில் எதையும் முடித்துக் கொடுக்காத ஓர் இனம் உண்டு. சோம்பேறிகள் அல்லர், பொழுதெல்லாம் உழைப்பவர்கள். ‘இன்னும் ஒரு சுற்று’ என்பதே இவர்களின் தாரக மந்திரம். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி என்ற மிடுக்கோடு வயற்காட்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்த நான், இவர்களில் ஒருவரை முதன்முதலில் பார்த்தது ஆய்வு மாணவர் அறையில். எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’. தேநீரில் சர்க்கரை போட்டார், இனிப்பு கூடியது, பால் ஊற்றினார், நிறம் போனது, தூள் சேர்த்தார், கசந்தது, மறுபடி சர்க்கரை. குடித்தாரா? எங்கே! ஆறிப்போயிற்று.

அவருடைய இயற்பியல் ஆய்வும் அதே தேநீர்தான். துகள்களுக்கு இடையிலான விசைகளின் வலிமையைச் சொல்பவை இணைப்பு மாறிலிகள். பெயர்தான் மாறிலி, எவ்வளவு நெருங்கிப் பார்க்கிறோமோ அதற்கேற்ப மாறும். கணக்கின் நடுவே முடிவிலி வேறு தலைகாட்டும். விருந்தாளி வரும்போது அழுக்குத் துணியைக் கட்டிலுக்கடியில் தள்ளுகிறோமே, அதுபோல அதை மாறிலிகளுக்குள்ளேயே நாசூக்காகத் தள்ளிவிடுவதற்கு மறுஇயல்பாக்கம் என்று பெயர். அண்ணனிடம் நான்கு மாறிலிகள். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் நகரும். ஒவ்வொரு சுற்றுக் கணக்கும் முந்தைய விடையைக் கொஞ்சம் திருத்தும். போதாததற்கு மீச்சமச்சீர்மை: ஒவ்வொரு துகளுக்கும் இதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு ஜோடி உண்டு என்னும் கொள்கை.

அண்ணனின் ஜோடியோ கண்ணெதிரே இருந்தார். பல் மருத்துவர். ஆய்வேட்டைக் கொடுத்த பிறகே கல்யாணம் என்று ஆறு ஆண்டுகளாகக் காத்திருந்தவர். ஏட்டைக் கொடுக்கக் கடைசி நாளான வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்கு அலுவலகம் மூடும். மூன்று மணிக்குப் பல் மருத்துவர் எங்கள் அறைக்கு வந்தார்.

“குடுத்தாச்சா?”

“மூணாவது சுற்று போட்டுப் பாத்தேன். ஒரு எண் நகருது. அது நகர்ந்தா மத்த மூணையும்...”

“எத்தனாவது இலக்கத்துல?”

“தசமத்துக்கு அப்புறம் ஆறாவது.”

“நீங்க ஆறாவதையே பாருங்க. போன மாசம் என் வயசுல முதல் இலக்கமே மாறிடுச்சு.”

அண்ணன் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். நான் மெதுவாகச் சொன்னேன்: “ரெண்டு சுற்றோட பைண்டு பண்ணது ஒரு வருஷமா அலமாரியில தூங்குதுண்ணே.”

பல் மருத்துவர் அதை எடுத்துத் தூசி தட்டி, அண்ணனிடம் பேனாவை நீட்டினார். “போடுங்க கையெழுத்தை. பல்லு பிடுங்குற மாதிரிதான். ஒரு நிமிஷம் வலிக்கும்.”

வலித்தது. நாலே முக்காலுக்கு அலுவலகத்தில் முத்திரை விழுந்தது.

சிரிக்கிறீர்கள். சரி, ‘கடைசியா ஒருதரம் பாத்துடலாம்’ என்று நீங்கள் எடுத்து வைத்த அந்த விண்ணப்பம் இப்போது எங்கே இருக்கிறது?

அண்ணன் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறார். அண்ணி அடுத்த தெருவில் பல் பிடுங்குகிறார். அண்ணனின் பழைய மேசையில் நான். என் ஆய்வேடு முடிந்த மாதிரிதான். ஒரே ஒரு சுற்று.